பழுதான வீட்டுச் சாதனங்களுக்குப் பலர் சேர்ந்து இழப்பீடு கோருவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி நுகர்வோருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் மிக்சியோ, ஃபிரிட்ஜோ, வாட்டர் ஹீட்டரோ பல வீடுகளில் ஒரே விதமாகப் பழுதாகும்போது, வாங்கியவர்கள் தனித்தனியாக சர்வீஸ் சென்டருக்கு அலைந்துகொண்டிருக்காமல் ஒன்றுசேர்ந்து இழப்பீடு கோருவதற்கு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வழி செய்திருக்கிறது. அந்த வழி ஒன்றல்ல. பாதிக்கப்பட்ட எல்லாருக்காகவும் சிலர் தொடுக்கும் பிரதிநிதித்துவப் புகார் ஒன்று. கையெழுத்திட்டவர்கள் தங்களுக்காக மட்டும் சேர்ந்து தொடுக்கும் கூட்டுப் புகார் மற்றொன்று. இந்த இரண்டில் எது என்பதைப் புகார் எழுத உட்காரும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஓர் ஊரிலோ ஒரு வட்டத்திலோ இருபது முப்பது குடும்பங்களாகச் சேரும் குழுவுக்குக் கூட்டுப் புகாரே ஏற்றது என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை உரிய இடத்தில் விளக்குகிறேன்.

நீங்கள் சட்டப்படி நுகர்வோர்தானா?

விலை கொடுத்து வாங்கியவர் நுகர்வோர். முழு விலையையும் கட்டி முடிக்காமல் மாதத் தவணை செலுத்திக்கொண்டிருப்பவரும் நுகர்வோரே. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரையும் சட்டம் அந்தச் சொல்லுக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே, மகளின் கல்யாணச் சீர்வரிசைக்காகத் தந்தை தருமபுரியில் தன் பெயரில் பில் போட்டு வாங்கிய ஃபிரிட்ஜ், ஊத்தங்கரையில் மகளின் புகுந்த வீட்டில் பழுதானால், மகள் தன் பெயரிலேயே புகார் செய்யலாம். பில் தந்தை பெயரில் இருக்கிறது என்று கடைக்காரர் தட்டிக்கழிக்க இடமில்லை.

விலையே கொடுக்காமல் பெற்ற பொருளின் நிலை வேறு. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வழங்கப்பட்ட விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி போன்றவற்றுக்கு இந்தச் சட்டத்தின் கீழ் புகார் செய்ய முடியாது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர்களும் நுகர்வோர் ஆகமாட்டார்கள். எனினும் தன் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சிறு தொழிலுக்கு வாங்கியது விலக்கப்படவில்லை. வீட்டுத் திண்ணையில் இட்லி மாவு அரைத்து விற்கும் பெண் வாங்கிய வெட் கிரைண்டர் அந்த வகையில் சேரும்.

ஆதாரங்கள்: பழுதான அன்றே தொடங்க வேண்டிய வேலை

வழக்கின் பெரும்பகுதி இங்கேதான் தீர்மானமாகிறது. பில், வாரன்டி அட்டை, தவணைக் கடன் ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை உறுப்பினர் ஒவ்வொருவரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளுங்கள். பில் தொலைந்திருந்தால் வங்கிக் கணக்கு விவரம், யுபிஐ பரிவர்த்தனைப் பதிவு, கடையின் ஜிஎஸ்டி பில்லுடைய மறுநகல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உதவும். பொருள் வந்த அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். உற்பத்தியாளரின் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதில்தான் அச்சிடப்பட்டிருக்கும். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி போன்ற இடங்களில் தற்காலிக அரங்குகளில் வாங்கியவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனெனில் கண்காட்சி முடிந்தபின் விற்றவரைக் கண்டுபிடிக்க அந்தப் பெட்டியைத் தவிர வேறு தடயம் இருக்காது.

சாதனத்தின் பின்புறமோ அடிப்புறமோ ஒட்டப்பட்டிருக்கும் தகட்டை மாடல் எண், வரிசை எண், தயாரிப்பு மாதம், ஐஎஸ்ஐ முத்திரை எல்லாம் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் அந்த எழுத்துகள் அழிந்துபோகும்.

அடுத்தது சர்வீஸ் ஆள் வந்துபோகும் நேரம். அவர் வருவார், பத்து நிமிடம் பார்ப்பார், ஜாப் ஷீட்டில் "வோல்டேஜ் பிரச்சினை" என்றோ "சரிபார்த்தது, இயங்குகிறது" என்றோ எழுதுவார், பிறகு உங்கள் கைபேசிக்கு வந்த ஓடிபியைக் கேட்பார். அந்த எண்ணைச் சொன்னவுடன் உங்கள் புகார் தீர்ந்துவிட்டதாக நிறுவனத்தின் கணினியில் பதிவாகிவிடும். பின்னாளில் உங்கள் புகாரை விசாரிக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் முன் நிறுவனம் நீட்டப்போகும் முதல் ஆவணமும் அதுவாகத்தான் இருக்கும். பழுது நீங்காதவரை ஓடிபியைச் சொல்லாதீர்கள். ஜாப் ஷீட்டில் கையெழுத்துக் கேட்டால், "பழுது நீங்கவில்லை" என்று உங்கள் கைப்படத் தமிழில் எழுதி, அதன் கீழே கையெழுத்திட்டு, அங்கேயே படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புகாரின் எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

இந்தப் பகுதியில் நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் சாக்குகள் இரண்டு. ஒன்று, மின்னழுத்த ஏற்றத்தாழ்வு. மற்றொன்று, தண்ணீரின் தன்மை. முதலாவதற்கு, அதே வீட்டில், அதே மின்இணைப்பில் மற்ற சாதனங்கள் பழுதின்றி ஓடுகின்றன என்பதையும், ஸ்டெபிலைசர் பொருத்தியிருந்தால் அதன் பில்லையும் காட்டலாம். தேவைப்பட்டால் உங்கள் பிரிவு மின் அலுவலகத்தில் அந்தக் காலத்து மின்தடை, மின்மாற்றிப் பழுது விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கலாம். இரண்டாவது சற்றுச் சிக்கலானது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதும் ஊரறிந்தவை. பல இடங்களில் போர் தண்ணீர் கடினத்தன்மை கொண்டதுமாகும். ஹீட்டரின் காயிலில் வெள்ளையாகப் படிந்த உப்பைக் காட்டி, குற்றம் தண்ணீருடையது என்று நிறுவனம் சொல்லும். இதற்குரிய பதில் சட்டத்திலேயே இருக்கிறது. சரியான பயன்பாட்டுக்கான போதிய அறிவுறுத்தலோ எச்சரிக்கையோ தராமல் விற்பதும் உற்பத்தியாளரின் பொறுப்புக்குரிய குறையே என்று 84-ஆவது பிரிவு கூறுகிறது. எத்தனை டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) வரை இந்தச் சாதனம் தாங்கும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறதா, விற்கும்போது யாராவது சொன்னார்களா என்று முதலில் பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் அந்தக் கையேடே உங்கள் சாட்சி. தெளிவாக எழுதியிருந்து நீங்கள் அதை மீறியிருந்தால், அந்த உறுப்பினரின் கோரிக்கை பலவீனமானது என்பதை ஒப்புக்கொண்டு அவரைத் தனியாகப் பிரித்துவிடுவது குழுவுக்கு நல்லது.

தீப்பிடித்தல், மின்அதிர்ச்சி, வெடிப்பு ஆகியவற்றில் காயமோ சேதமோ ஏற்பட்டிருந்தால், தீயணைப்பு நிலைய அறிக்கை, காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை அல்லது மனு ரசீது, மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல், மின் ஆய்வாளர் விசாரித்திருந்தால் அவருடைய அறிக்கை ஆகியவை தேவைப்படும். வாட்ஸ்அப் உரையாடல், குரல்பதிவு, காணொளி ஆகியவற்றை ஆதாரமாக வைப்பதாக இருந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழையும் இணைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழுதான சாதனத்தை எக்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். வெளி மெக்கானிக்கிடம் பிரிக்கவும் கொடுக்காதீர்கள். சோதனைக்கு அனுப்பப் பொருள் இல்லாமற்போனால் ஆதாரத்தில் பாதி போய்விடும்.

பழுது ஒன்றுதானா என்று சரிபார்த்தல்

உறுப்பினர்களைச் சேர்த்தபின் ஒரு பட்டியல் தயாரியுங்கள். பெயர், ஊர், வாங்கிய தேதி, கடை, விலை, மாடல் எண், வரிசை எண், பழுது முதலில் தெரிந்த தேதி, பழுதின் தன்மை, நிறுவனம் சொன்ன பதில் ஆகியவை அதில் இருக்கட்டும். இந்தப் பட்டியலைப் பார்த்தாலே உங்கள் குழுவின் உண்மை நிலை தெரிந்துவிடும். ஒருவருக்குக் கம்ப்ரசர் போயிருக்கும், மற்றொருவருக்குக் கதவு ரப்பர் கிழிந்திருக்கும், மூன்றாமவருக்கு சர்வீஸ் ஆள் வரவில்லை என்பதே குறையாக இருக்கும். மூவரும் ஒரே பிராண்டின் மீது கோபமாக இருக்கிறார்கள் என்பதற்காக அது ஒரே வழக்காகிவிடாது.

ஐஎஸ்ஐ முத்திரையின் அருகில் இருக்கும் உரிம எண்ணை, அந்த முத்திரையை வழங்கும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) "பிஐஎஸ் கேர்" செயலியில் சரிபாருங்கள். உரிமம் காலாவதியானதாகவோ போலியாகவோ இருந்தால், ஒரு வீட்டுப் பழுது என்ற நிலை மாறி, அந்த மாடலை வாங்கிய எல்லாருக்கும் பொதுவான குறை கையில் கிடைக்கிறது. முத்திரை உண்மையானதாக இருந்தும் பொருள் தரநிலைக்கு ஒத்துவரவில்லை என்றால், இந்திய தர நிர்ணய அமைவனச் சட்டம், 2016-இன் 31-ஆவது பிரிவு நுகர்வோருக்கு இழப்பீடு தர உரிமதாரருக்கு உத்தரவிட வகை செய்கிறது. பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை.

எந்த வழி?

பிரதிநிதித்துவப் புகாருக்கு அடிப்படை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 35-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவில் உள்ளது. ஒரே நலன் கொண்ட எண்ணற்ற நுகர்வோர் இருக்கும்போது, அவர்களில் ஒருவரோ பலரோ, ஆணையத்தின் அனுமதி பெற்று, அனைவருக்காகவும் புகார் தொடுக்கலாம். அப்படித் தொடுத்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் கட்டளை, எட்டாம் விதி பொருந்தும். அதன் விளைவுகள் நான்கு. அனுமதி கோரும் மனுவைப் புகாரோடு சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். பாதிக்கப்பட்ட மற்றவர்களுக்குத் தனித்தனியாகவோ நாளிதழ் விளம்பரம் மூலமாகவோ புகார்தாரர் செலவில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பைப் பார்த்த எவரும் தம்மையும் ஒரு தரப்பாகச் சேர்க்கும்படி கேட்கலாம். முடிவில் வரும் ஆணை, ஆணையத்தின் வாசலையே மிதிக்காதவர்கள் உட்பட அனைவரையும் கட்டுப்படுத்தும்.

"ஒரே நலன்" என்ற இரண்டு சொற்களில்தான் பெரும்பாலான முயற்சிகள் தடுக்கி விழுகின்றன. 2021 டிசம்பரில் பிரிகேட் என்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அது வீட்டுச் சாதன வழக்கு அல்ல, அடுக்குமாடிக் குடியிருப்பு வழக்கு. 1,134 குடியிருப்புகள் கொண்ட ஒரு திட்டத்தில் 51 குடியிருப்புகளை வாங்கிய 91 பேர் அனைவருக்காகவும் புகார் தொடுத்திருந்தனர். மற்றவர்களின் நலனும் தங்களுடையதும் எப்படி ஒன்று என்பதைப் புகாரில் போதுமான அளவு எடுத்துரைக்கவில்லை என்பதால் அதைப் பிரதிநிதித்துவப் புகாராக ஏற்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே 91 பேரும் தங்களுக்காக மட்டும் சேர்ந்து நடத்தும் கூட்டுப் புகாராக அது தொடரலாம் என்றும் சொன்னது. கூட்டுப் புகாருக்கு 35-ஆவது பிரிவின் அனுமதியும் வேண்டாம், நாளிதழ் விளம்பரச் செலவும் இல்லை.

இன்னொரு காரணம் பணத்தின் அளவு சார்ந்தது. பிரதிநிதித்துவப் புகாரில் பாதிக்கப்பட்ட அனைவரும் கொடுத்த விலையின் மொத்தத்தைக் கூட்டித்தான் எந்த ஆணையத்துக்குப் போவது என்று தீர்மானிக்க வேண்டும். தேசிய ஆணையத்தின் பெரிய அமர்வு 2016-இல் அம்ப்ரிஷ் குமார் சுக்லா வழக்கில் மொத்த மதிப்பையே அளவுகோலாக வைத்தது. ரூ.15,000 விலையுள்ள ஒரு மாடல் நாடு முழுவதும் 10,000 விற்றிருந்தால் மொத்தம் ரூ.15 கோடி, அரூரில் தொடங்கிய வழக்கு புது டெல்லியில் உள்ள தேசிய ஆணையத்தில் போய் நிற்கும். ஒரே கடையில், ஒரே தயாரிப்புத் தொகுதியில் (பேட்ச்) வந்த பொருள்களை வாங்கியவர்கள் என்று பாதிக்கப்பட்டவர்களின் எல்லையைச் சுருக்குவது சாத்தியமே. ஆனால் அந்த எல்லைக்கு உண்மையான காரணம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபணை அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே, பாதிக்கப்பட்டவர்கள் பெயரும் முகவரியும் தெரிந்தவர்களாக, கையெழுத்திடத் தயாராக இருந்தால் கூட்டுப் புகாரே போதும். மகளிர் சுய உதவிக் குழு மூலம் ஒரே நாளில், ஒரே விற்பனையாளரிடம், ஒரே மாடல் அடுப்பை வாங்கிய பென்னாகரத்துப் பெண்கள் இதற்குச் சரியான எடுத்துக்காட்டாக இருப்பார்கள். குறை வடிவமைப்பிலேயே இருந்து, வாங்கியவர்கள் யாரென்றே கண்டறிய முடியாத அளவுக்குப் பரவியிருந்தால் மட்டும் பிரதிநிதித்துவப் புகாரை நாடுங்கள். எளிதில் அடையாளம் காண முடியாத பெருந்தொகையான நுகர்வோர் பாதிக்கப்பட்டிருந்தால், அவர்களுக்கு விற்ற பழுதான பொருள்களின் மதிப்பில் குறைந்தது 25 சதவீதத்தைச் செலுத்தும்படி உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. பழைய 1986 சட்டத்தில் இது 5 சதவீதமாக இருந்தது.

பதிவு பெற்ற தன்னார்வ நுகர்வோர் சங்கமும் புகார் தொடுக்கலாம். பாதிக்கப்பட்டவர் அதன் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை.

இவற்றோடு இணையாக ஒரு நிர்வாக வழியும் இருக்கிறது. நுகர்வோரை ஒரு பிரிவினராகப் பாதிக்கும் உரிமை மீறல்களை 17-ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமே எழுத்து மூலம் தெரிவிக்கலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு நேரடியாகவும் அனுப்பலாம். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும், விலையைத் திருப்பித் தரவும் உத்தரவிட அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தரக்கட்டுப்பாட்டு ஆணைக்கு ஒவ்வாத பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக 2022-இல் இணைய விற்பனைத் தளம் ஒன்றின் மீது அது ரூ.1 லட்சம் அபராதம் விதித்து, விற்ற 2,265 குக்கர்களையும் திரும்பப் பெற்று வாங்கியவர்களுக்குப் பணம் தரச் சொன்னது. அபராதத்தில் உங்களுக்குப் பங்கு கிடையாது. மன உளைச்சலுக்கும் காயத்துக்குமான இழப்பீடும் இந்த வழியில் வராது. பொருள் ஆபத்தானது என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வைப்பது நல்லது.

காலக்கெடு, ஆணையம், கட்டணம்

புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பதால் இந்தக் கெடு நீளாது. குழுவில் யாருக்கு முதலில் பழுது தெரிந்ததோ அவருடைய தேதியை வைத்துக் கணக்கிடுங்கள்.

பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் ரூ.2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேல் தேசிய ஆணையம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. ஒசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர்கள் தள்ளுபடிக்காகப் பெங்களூரு போய் வாங்கிவந்த பொருளுக்குக் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டணம் ரூ.5 லட்சம் வரை இல்லை; ரூ.10 லட்சம் வரை ரூ.200, ரூ.20 லட்சம் வரை ரூ.400, ரூ.50 லட்சம் வரை ரூ.1,000. நாற்பது குடும்பங்கள் தலா ரூ.9,000 கொடுத்து வாங்கிய சாதனம் என்றால் மொத்தம் ரூ.3.6 லட்சம்தான்.

வழக்கறிஞர் கட்டாயமில்லை. வைத்துக்கொள்ள வசதியில்லாவிட்டால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு.

புகாரை எழுதுதல்

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, பிறகு நிறுவனத்துக்கும் கடைக்கும் பதினைந்து நாள் அவகாசம் தந்து எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். சிலர் இதிலேயே இறங்கிவருவார்கள்.

புகாரில் உற்பத்தியாளர், விற்பனையாளர், சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். உற்பத்தியாளர் யாரென்றே கண்டறிய முடியாத நிலையிலும், கடைக்காரர் தானே தனியாக உத்தரவாதம் கொடுத்திருந்தாலும், 86-ஆவது பிரிவின்படி கடைக்காரரே பொறுப்பாளியாவார்.

கோரிக்கைகளைப் பிரித்து எழுத வேண்டும், ஏனெனில் இதில் பலரும் குழம்புகிறார்கள். ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்பது பழுதான பொருள் பற்றிய குறை. இதற்குப் பழுதுநீக்கம், மாற்றுப் பொருள் அல்லது வட்டியுடன் விலை, அலைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேட்கலாம். அந்த ஃபிரிட்ஜ் தீப்பிடித்துச் சமையலறை எரிந்தது, ஒருவருக்குக் காயம்பட்டது என்பது 82 முதல் 87 வரையிலான பிரிவுகள் பேசும் உற்பத்திப் பொருள் பொறுப்பு. இந்த இரண்டாம் வகையில் "தீங்கு" என்பதற்குள் பழுதான பொருளின் சேதம் அடங்காது. ஆகவே ஃபிரிட்ஜின் விலையை முதல் தலைப்பிலும், காயம், எரிந்த பொருள்கள், மருத்துவச் செலவு ஆகியவற்றை இரண்டாம் தலைப்பிலும், ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனித்தனித் தொகையாக அட்டவணையில் காட்டுங்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கேட்டுவிட்டுப் பிறகு பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

புகாரை நேரிலோ, 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் இ-ஜாக்ரிதி தளத்திலோ தாக்கல் செய்யலாம். உறுதிமொழிப் பத்திரம் கட்டாயம்.

தாக்கலுக்குப் பிறகு

புகாரை ஏற்பதா என்று வழக்கமாக 21 நாள்களுக்குள் ஆணையம் முடிவு செய்யும். ஏற்றபின் எதிர்த்தரப்புக்குப் பதிலளிக்க 30 நாள். மேலும் 15 நாள் வரை நீட்டிக்கலாம். அந்த 45 நாளுக்குமேல் ஒரு நாள்கூட நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது. தேதியைக் கவனித்து, கெடு தாண்டிய பதிலை ஏற்கக்கூடாது என்று அன்றே மனுக் கொடுங்கள்.

பார்த்த மாத்திரத்தில் தெரியாத குறை என்றால், ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பும். அறிக்கைக்கு 45 நாள். சோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டும். எல்லாருடைய சாதனத்தையும் அனுப்பத் தேவையில்லை. வெவ்வேறு மாதங்களில் தயாரான இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்தால் குறை வடிவமைப்பில் இருக்கிறதா, ஒரு தொகுதியில் மட்டும் இருக்கிறதா என்பது வெளிப்படும். சோதனை தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் கூடுதலாக ஆகும் என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேலையை விட்டு வர முடியாதவர்கள் காணொளி வாயிலாக விசாரிக்கும்படி மனுச் செய்யலாம்.

இந்தக் கட்டத்தில் நிறுவனம் உறுப்பினர்களைத் தனித்தனியாக அழைத்துப் புதுப் பொருள் தர முன்வரும். கூட்டுப் புகாரில் ஒருவர் தன்னளவில் சமரசம் செய்துகொண்டு விலகலாம், அது அவருடைய உரிமை. ஆனால் "முழுமையான இறுதித் தீர்வு" என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டால் பிறகு எதுவும் கேட்க முடியாது என்பதை முன்பே எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். பிரதிநிதித்துவப் புகாரில், அனைவருக்கும் அறிவிப்பு கொடுக்காமல் புகாரைத் திரும்பப் பெறவோ சமரசத்தைப் பதிவு செய்யவோ முடியாது.

ஆணை வந்தபின் அதை எதிர்த்து மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு. நிறுவனம் மேல்முறையீடு செய்வதானால் செலுத்த வேண்டிய தொகையில் பாதியை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். கெடு முடிந்தும் பணம் வரவில்லை என்றால் 71-ஆவது பிரிவின் கீழ் நிறைவேற்று மனுவும், 72-ஆவது பிரிவின் கீழ் தண்டனை கோரும் மனுவும் தாக்கல் செய்யலாம். பின்னதில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, ரூ.25,000 முதல் ரூ.1 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. மனுவோடு, எந்த உறுப்பினருக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்ற கணக்கையும் வங்கிக் கணக்கு எண்களையும் இணைத்துவிடுங்கள்.